மாதிரி இலக்கம் ஒன்றுக்கான பற்றுச்சீட்டு

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறுகிற பஸ், இனி முடியாதப்பா என்று திரும்பிவிடுகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது கருங்கல்மலைத் தோட்டம். அங்கே விஞ்ஞானம் வந்து இறங்கிய காலையில் பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் வயிற்றைக் கலக்கியது. விஞ்ஞானத்தோடு அவர்களுக்கு ஒரு பகையும் கிடையாது. கொழுந்து நிறுக்க மின்சாரத் தராசு வந்து, நேற்றுவரை கனமாயிருந்த பையை இன்றைக்கு லேசாக்கிக் காட்டியபோதுகூட, வாய்க்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு மலைக்கு ஏறிப் போனவர்கள்தான். அன்றைக்குக் கலக்கியது ஒரு சொல்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கிறதைத்தான் பெரட்டு என்பார்கள். அன்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒருவர் நின்றார். தேசிய ஒளியியல் புரதப் பற்று ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளர் கலாநிதி வினோஜன் அவர். அந்த நிறுவனத்தின் பேரைத் துரை ஒரே மூச்சில் சொல்லப் பார்த்து, நடுவிலே இருமி, மிச்சத்தை அவரையே சொல்லச் சொல்லி விட்டுவிட்டார்.

"அன்பார்ந்த தொழிலாளப் பெருமக்களே! நாளை முதல் உங்கள் இரத்தம் எம்மால் பெற்றுக்கொள்ளப்படும். பெற்றுக்கொண்டதும் ஒவ்வொருவருக்கும் உரிய பற்றுச்சீட்டு கையிலேயே வழங்கப்படும். ஒருவரும் விடுபடமாட்டீர்கள். இது எமது வாக்குறுதி."

முன்வரிசையில் நின்ற பூரணி கொழுந்துப் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

பட்டணத்து மனிதர்களுக்குப் பற்றுச்சீட்டு என்றால் வெறும் ரசீது. சாமான் வாங்கினால் கொடுப்பார்கள், கடைவாசலிலேயே கசக்கிப் போட்டுவிடலாம். தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வாயும் வேறு, வயிறும் வேறு. பத்துச்சீட்டு என்பார்கள். துரை ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்கிற துண்டு அது. அதை வாங்கினால் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் பேர் கிடையாது. பேர் இல்லாவிட்டால் லயத்து வரிசை வீட்டில் காம்பரா கிடையாது. பூரணி சின்னப் பிள்ளையாயிருந்தபோது, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவள் அப்பனுக்கு அந்தத் துண்டு கிடைத்தது. கொட்டுகிற மழையில் அம்மிக் குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்த அம்மாவின் முதுகை அவள் இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் அப்படிக் கொடுப்பதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சொல்லைக் கேட்டதும் கலங்குகிற வயிறு, சட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டா கலங்குகிறது?

பணிப்பாளர் தொடர்ந்து பேசினார். ஏன் இந்தத் தோட்டத்தைத் தெரிவுசெய்தோம் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இங்கே குளிர் சீராக இருக்கிறது. எமது ஒளி உணரிக்கு அது நல்லது. மற்றது, கொழும்பில் ஒருவரிடம் ஒரு சொட்டு இரத்தம் கேட்டால் எதற்கு, யாருக்கு, எவருடைய அனுமதி என்று ஆயிரம் கேள்வி கேட்பார். இங்கே நீங்கள் விடிந்ததும் வரிசையில் வந்து நிற்கிறீர்கள். கேள்வியும் கேட்பதில்லை. விஞ்ஞானத்துக்கு இதைவிட உகந்த காலநிலை இந்த நாட்டிலேயே இல்லை!"

பெரிய கிளாக்கர் கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

அன்று பூரணி மலையில் கொழுந்தைக் கிள்ளினாளா, காற்றைக் கிள்ளினாளா என்று அவளுக்கே தெரியாது. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் காம்பரா அவள் பேரில்தான் நிற்கிறது. மருமகன் கிஷாந்துக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நிறைமாதமாக வந்திருக்கிற மகள் சர்மிளா அந்தக் காம்பராவில்தான் படுத்திருக்கிறாள். பிள்ளையைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு வர வேறு கூரை இல்லை.

"அம்மா, ரத்தம் எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். அதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்புடி வச்சிருக்கீங்க?" என்றாள் சர்மிளா.

"ரத்தத்தப் பத்தி யாருடி பேசுனா? அத எவ்வளவு வேணும்னாலும் உறிஞ்சட்டும். சீட்டக் குடுக்குறேங்குறான்டி!"

தகவல் சொல்ல வந்த சங்கத் தலைவர் கணேசமூர்த்தி இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே ஆறுதல் சொன்னார். "பயப்புடாத தங்கச்சி. நம்ம சங்கம் இருக்குல்ல? எல்லாருக்கும் ஒரே நாள்ல குடுக்கக் கூடாது, கட்டங்கட்டமா குடுங்கன்னு வலுவா கேட்டிருக்கோம்." அந்த ஆறுதலைக் கேட்ட பிறகு பூரணிக்குச் சோறு இறங்கவில்லை.

*

நிறுவனம் பிள்ளைக் காம்பராவில் திறக்கப்பட்டது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. குழந்தைகளை உரம் வைக்கிற ஸ்டோருக்கு மாற்றினார்கள். பூரணியின் காம்பரா லயத்தின் கடைசியிலிருக்கிற தொங்கல் காம்பரா. அதற்கும் நிறுவனத்துக்கும் நடுவில் தண்ணீர் ஓடுகிற ஒரு கானும் ஒரு கொய்யா மரமும்தான்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. வெளி வெளிச்சம் பட்டால் ஒளி உணரி குழம்பும், ஆகவே விளக்கு ஏற்றக் கூடாது என்றது கருவியோடு வந்த கையேடு. விளக்கு ஏற்றாமல் எதையும் திறக்கக் கூடாது என்றது மேலிடத்துச் சுற்றுநிருபம். ஒரு குழு கூடியது. பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து, எரியாத மெழுகுவர்த்தியால் எரியாத திரியைத் தொட்டு, இல்லாத சுடரைக் கையால் அணைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மிக அழகாக எரிகிறது என்று துரை சொன்னார்.

பிறகு பணிப்பாளர் ஆய்வை விளக்கினார். இரத்தத்தில் புரதங்கள் இருக்கின்றன. செயற்கை வால்வு, பிளாஸ்டிக் குழாய் என்று எதை உடம்புக்குள் வைத்தாலும் அவை போய் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் இரத்தம் கட்டிப்போகும், ஆள் போய்விடுவார். எவ்வளவு ஒட்டுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே தங்கம் பூசிய ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரத்தத்தின் தெளிநீரை ஓடவிட்டு, அடியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுகிறோம். மேலே ஏதாவது ஒட்டினால் திரும்பி வருகிற ஒளி கொஞ்சம் சாயும். திரையில் கோடு ஏறும்.

இதுவரைக்கும் நல்ல விஷயம்தான். நாலு பேர் உயிரைக் காப்பாற்றுகிற காரியம். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதிலே ஒரு இயற்கை நியதி இருக்கிறது," என்றார் பணிப்பாளர், ஜன்னல் வழியாக லயங்களைப் பார்த்துக்கொண்டே. "முதலில் வந்து இடம் பிடிப்பவை சின்னப் புரதங்கள். கூட்டமாக வரும். ஆனால் நிலைக்காது. பிறகு பெரிய புரதம் ஆறுதலாக வந்து, அவற்றைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எமது இறுதி இலட்சியம் என்னவென்றால், எவருமே, மன்னிக்கவும், எதுவுமே ஒட்டாத மேற்பரப்பு!"

பூரணி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல வந்தவங்களத் தள்ளிப்புட்டுப் பெரியவங்க உக்காருவாங்கன்னு பச்சையாவே சொல்றானேடி!"

மறுநாள் பெரட்டில் ஒழுங்குவிதிகளைக் கிளாக்கர் வாசித்தார். உணரி அதிர்வைத் தாங்காது. ஆகவே நிறுவனத்தைச் சுற்றி யாரும் விறகு பிளக்கக் கூடாது. அம்மியில் சம்பல் அரைக்கக் கூடாது. கோயில் மணியின் நாக்கில் துணி சுற்ற வேண்டும். தும்முகிறவர்கள் தேயிலைக்குள் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். கைக்குழந்தைகள் அழுவதாயின் முன்கூட்டியே அறிவித்துவிட்டு அழ வேண்டும்.

"புள்ளைக்கு யாருங்க அறிவிப்புக் குடுக்கச் சொல்லிக் குடுப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அதுக்கு ஒரு படிவம் வருது," என்றார் கிளாக்கர்.

சர்மிளா அன்றிலிருந்து இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கானுக்கு அந்தப் பக்கம் பச்சையாய் எரிகிற சின்ன விளக்கைப் பார்க்கிறபோதெல்லாம் பூரணி விரலை உதட்டில் வைப்பாள். சொந்தக் காம்பராவில் தாயும் மகளும் களவெடுக்க வந்தவர்களைப் போல் நடமாடினார்கள்.

*

பெரட்டில் முன்வரிசையில் நின்ற குற்றத்துக்காகப் பூரணிதான் மாதிரி இலக்கம் ஒன்று. இரத்தம் எடுத்தவள் ஜெயந்தினி என்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஒப்பந்த அடிப்படையில் வந்த தொழில்நுட்ப உதவியாளர்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. கையை நீட்டுங்கோ. ஒரு சின்னக் குத்துத்தான்."

குத்துக்குப் பூரணி கண்கூடச் சிமிட்டவில்லை. குத்திய பிறகு ஜெயந்தினி ஒரு துண்டைக் கிழித்து நீட்டியதும்தான் கதிரையிலிருந்து சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"தாயி, நான் ஒரு தப்பும் பண்ணலியே. ஒரு நாள்கூட நிக்காம மலைக்குப் போயிருக்கேன். எனக்கு ஏன் தாயி பத்துச்சீட்டு?"

ஜெயந்தினிக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விழித்தாள். "ஐயோ அம்மா, இது ரசீது! உங்கட ரத்தத்தை நாங்கள் வாங்கினதுக்கு ரசீது. வேற ஒண்டுமில்லை."

"வாங்குனதுக்குத்தானா? அனுப்புறதுக்கு இல்லியே?"

"இல்லையம்மா. வாங்கினதுக்குத்தான்."

அன்று சாயங்காலம் பூரணி மகளுக்குக் கருவாடு வறுத்துக் கொடுத்தாள். சத்தமில்லாமல்தான் வறுத்தாள், ஆனால் சந்தோசமாக வறுத்தாள். ரசீதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். அந்தச் சந்தோசத்துக்கு ஆயுசு ஒரு ராத்திரி.

மறுநாள் அவளை மலையிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள். இருட்டடித்த அறைக்குள் திரை ஒன்று ஒளிர்ந்தது. அதில் ஒரு கோடு, பீலித் தண்ணீர் நின்றுபோன கான் மாதிரி, அசையாமல் கிடந்தது. பணிப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒட்டவில்லை," என்றார். "இந்த இரத்தத்தில் பற்றே இல்லை."

ஏன் ஏறவில்லை என்பதை நாம் சொல்லிவிடலாம். நிறுவனத்தின் இலச்சினை பொறித்த ஸ்டிக்கரைத் திறப்பு விழா அவசரத்தில் யாரோ கருவியின் ஒளித்துளையின் மேலேயே ஒட்டிவிட்டார்கள். ஒளி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்த நிறுவனத்தில் அன்றைய தேதிக்கு ஒழுங்காக ஒட்டியிருந்த பொருள் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான். ஆனால் இலச்சினையைச் சந்தேகிக்க விதியில் இடமில்லை. பூரணியைச் சந்தேகிக்க இருந்தது.

பற்றின்மை விசாரணைக் குழு துரையின் பங்களாவில் கூடியது. பூரணி இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கோடும் தலைத்துணியோடும் வாசலில் நின்றாள். படங்கில் மழைநீர் சொட்டிக் கம்பளத்தை நனைத்தது. அதற்கே அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மாதிரி இலக்கம் ஒன்று," என்று பணிப்பாளர் ஆரம்பித்தார். "உங்கள் நடத்தை எமக்குக் கவலை தருகிறது. தங்கம் பூசிய மேற்பரப்பைக் கொடுத்தோம். சாதாரண கண்ணாடி அல்ல, தங்கம்! அதிலேகூட ஒட்ட உங்களுக்கு மனம் வரவில்லை."

"நான் மாட்டேன்னு சொல்லலீங்க ஐயா."

"உங்கள் பரம்பரையில் யாராவது ஓர் இடத்தில் ஒட்டாமல் இருந்திருக்கிறார்களா?"

பூரணிக்கு அப்பனின் நினைப்பு வந்தது. "எங்கப்பா ஒட்டித்தாங்க இருந்தாரு. அவங்கதான் பிச்சு எடுத்துட்டாங்க."

"பதிவுசெய்யுங்கள்: பரம்பரைக் குறைபாடு." பணிப்பாளர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கனவான்களே, எமக்கு அடுத்த ஆண்டுக்கான நிதி வேண்டுமானால் கோடு ஏற வேண்டும். கோடு ஏறுவதற்காகத்தான் நிறுவனம். நிறுவனத்துக்காகத்தான் கோடு. இடையிலே நோயாளி, வால்வு என்று பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்னும் ஒரு முறை சோதிப்போம். அப்போதும் ஒட்டாவிட்டால் விதிப்படி மாதிரி இலக்கம் ஒன்று நீக்கப்படும்."

மாதிரி என்றால் சின்னக் குப்பியிலிருக்கிற மஞ்சள் தண்ணீர். அதைக் கழுவி ஊற்றிவிடுவார்கள் என்று அர்த்தம். பூரணிக்கு அது யார் என்று தெரியும். இப்போதுதானே அவளை அப்படிக் கூப்பிட்டார்கள்.

"ஐயா! நீக்கிறாதீங்க ஐயா! நான் ஒட்டுறேங்க. நெசமா ஒட்டுறேன். பொறந்ததுலருந்து ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கேன்!" கம்பளத்தின் நடுவிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். குழு அதையும் பதிவுசெய்தது.

*

கணேசமூர்த்தி தலைவர் பிரச்சினையை ஆழமாக யோசித்தார். "ஒட்டணும்னா பசை வேணும் தங்கச்சி. நம்ம ஆளுகக்கிட்ட எங்க பசை இருக்கு? சாப்பாட்டுலதான் ஏத்தணும்."

ஆகவே பூரணி வெண்டிக்காய் தின்றாள். காலையில் வெண்டிக்காய், ராவையில் வெண்டிக்காய். கஞ்சியை வடிக்காமல் குடித்தாள். பூண்டுலோயா டவுனில் மஃறூப் நானாவின் கடையில் கித்துள் பாணி ஒரு போத்தல் கடனுக்குக் கேட்டாள்.

"என்ன பூரணி, மகளுக்குப் புள்ள கெடச்சிட்டா? இனிப்பு எல்லாம் வாங்குறீங்க?"

"இல்ல நானா. ரத்தம் ஒட்டுறதுக்கு."

மஃறூப் நானா போத்தலைத் தூக்கித் துடைத்தார். "எனக்குத் தெரிஞ்சு ரத்தம் ஒட்டுறது ரத்தத்தோடதான்," என்று சொல்லிப் போத்தலைச் சுற்றிக் கொடுத்தார்.

அவள் பாணியைக் கரண்டி கரண்டியாக விழுங்கினாள். பயத்தில் அது கசந்தது. இதற்கிடையில் சர்மிளாவுக்கு வலி கண்டு, ஆஸ்பத்திரி வண்டியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். வண்டியின் சைரனை நிறுவனம் அனுமதிக்கவில்லை. ஓட்டுநர் கீழே பாலம் தாண்டும்வரைக்கும் எஞ்சினை நிறுத்திச் சரிவில் உருட்டிக்கொண்டே போனார். பூரணியால் கூடப் போக முடியவில்லை. அன்றைக்குத்தான் இரண்டாம் சோதனை.

மழை அடித்த நாள். மலையிலிருந்து நேரே வந்தாள். கணுக்காலில் ஒரு அட்டை கடித்துத் தொங்கியதை அவள் கவனிக்கவில்லை. வேறு நாளாயிருந்தால் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தட்டிவிட்டிருப்பாள். ஜெயந்தினி இரத்தம் எடுத்தாள், சுழற்றித் தெளியவைத்தாள், கருவியின் மூடியைத் திறந்து புதுக் கண்ணாடித் துண்டை வைத்தாள். பழைய ஸ்டிக்கரில் இலச்சினை தலைகீழாக இருப்பதாக மேலிடத்திலிருந்து புகார் வந்திருந்தது. ஆகவே அதையும் உரித்து, பக்கவாட்டில் நேராக ஒட்டினாள். ஒளித்துளை திறந்துகொண்டது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான், வயிறு முட்டக் குடித்துவிட்ட அட்டை பூரணியின் காலை விட்டு, மேசைக்காலில் ஏறி, வெதுவெதுப்பான இடம் தேடித் திறந்திருந்த மூடிக்குள் போய்த் தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. ஜெயந்தினி கவனிக்காமலே மூடினாள்.

கோடு ஏறியது.

சும்மா ஏறவில்லை. இறம்பொடை அருவியைத் தலைகீழாகத் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஏறித் திரையின் உச்சியில் முட்டி நின்றது. ஓடிவந்த பணிப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "கழுவுங்கள்!" என்று கத்தினார். ஒட்டியது நிஜமா என்று பார்க்க உப்புத் தண்ணீரால் கழுவுவது வழக்கம். மூன்று முறை கழுவினார்கள். அந்தத் தண்ணீரில் கண்ணீரளவுக்குத்தான் உப்பு. அட்டைக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? இன்னும் இறுக்கிப் பிடித்தது. கோடு அசையவில்லை.

"ஒட்டுகிறது! ஏறுகிறது! விடாமல் பிடிக்கிறது! கழுவினாலும் போகாது!" பணிப்பாளர் தொலைபேசியில் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஐயா, எமது நிறுவனம் இவ்வளவு காலமும் தேடிய பண்பு இதுதான்! எம்மையே கண்ணாடியில் பார்த்தது போல் இருக்கிறது!"

அவர் வெளியே போனதும் ஜெயந்தினி மூடியைத் திறந்தாள். உள்ளே கருத்துப் பருத்து, ஆறுதலாகக் கிடந்தது அது. அவள் பூரணியைப் பார்த்தாள். பூரணி தன் கணுக்காலில் வழிகிற இரத்தத்தைப் பார்த்தாள்.

"என்ர ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது அம்மா," என்றாள் ஜெயந்தினி மெல்ல.

"எம் மகளுக்கு இன்னைக்குப் புள்ள பொறக்குது தாயி."

ஜெயந்தினி பஞ்சை எடுத்து அதைச் சுற்றி, ஜன்னலைத் திறந்து கொய்யா மரத்தடியில் எறிந்தாள். "நான் ஒண்டையும் காணேல்லை," என்றாள்.

*

வெற்றி என்பது தோட்டத்துக்கு எப்போதும் செலவு வைக்கிற சங்கதி. நிறுவனம் மத்திய நிலையமாக உயர்த்தப்பட்டது. மாலை போட்டார்கள். சத்தமில்லாமல் கைதட்டப் பயிற்சி கொடுத்தார்கள். பூரணிக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது: மாதிரி இலக்கம் ஒன்று, மீளாப் பற்று, கழுவியும் அகலாதது. பெரிய கிளாக்கர் அதை வாசித்துக்காட்டியபோது பல வாரங்களுக்குப் பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. இனி நீக்கமாட்டார்கள். மகளும் பெண்குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். பாணிக் கடன் மட்டும்தான் பாக்கி.

குழந்தை வந்த மறுநாள் காலையில் வாசலில் நிழல் தட்டியது. பணிப்பாளர், பெரிய கிளாக்கர், அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஜெயந்தினி.

"வாழ்த்துக்கள்!" என்றார் பணிப்பாளர். "உங்கள் இரத்தத்தின் பெருமையால் நிலையம் விரிவடைகிறது. புதிய உணரி இன்னும் நுட்பமானது. பக்கத்தில் மனிதர் வசிக்கிற அதிர்வையே தாங்காது. ஆகவே இந்தத் தொங்கல் காம்பராவிலிருந்து ஆரம்பிக்கிறோம்."

ஒரு துண்டை நீட்டினார். பூரணி கையை நீட்டவில்லை.

"பயப்பட வேண்டாம். உங்கள் ஆட்கள் இந்தச் சொல்லைத் தப்பாக விளங்கிக்கொள்வதாக ஜெயந்தினி சொன்னார். இது நீங்கள் நினைக்கிற பத்துச்சீட்டு அல்ல. வெறும் பற்றுச்சீட்டு. உங்கள் காம்பராவை நாம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது."

உள்ளே சர்மிளா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நிற்பது கேட்டது. ஓடிப்போய் அம்மியைத் தூக்குவதா, காலில் விழுவதா என்று பூரணிக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் உடம்பில் தெம்பு இல்லை. ஆகவே இருந்த இடத்திலேயே, வாசற்படியில், பொத்தென்று உட்கார்ந்தாள்.

"ஐயா," என்றாள். "கழுவுனாலும் போகாதுன்னு நீங்கதானேங்க எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாம். மகத்தான முடிவு."

"மூணு தரம் கழுவிப் பாத்தீங்க. போகல. இப்ப என்னைய எப்புடிங்க எடுப்பீங்க?"

பணிப்பாளர் தான் கொடுத்த சான்றிதழை நினைத்துப் பார்த்தார். மாதிரி இலக்கம் ஒன்று நகர்ந்துவிட்டால் அகலாதது அகன்றதாகும். அகன்றால் அறிக்கை பொய். அறிக்கை பொய்யானால் மத்திய நிலையம் ஏது, நிதி ஏது, அவர்தான் ஏது? நீட்டிய துண்டை அவர் மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். பூரணி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த அதே பயம் அங்கேயும் இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஆறுதல் வரவில்லை. பயந்த ஆட்கள் எதையும் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த அட்டையின் இரகசியம் வேறு அவள் நினைப்பில் ஊர்ந்தது.

"இதற்கு... ஓர் உபகுழு கூட வேண்டும்," என்றார் பணிப்பாளர். "அதுவரை அசையாமல் இருங்கள். சத்தமே கூடாது."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. முன்கூட்டியே அறிவிக்காமல், படிவம் நிரப்பாமல், வீரிட்டது. கானுக்கு அந்தப் பக்கம் கருவி கீ கீ என்று அலறத் தொடங்கியது. "கோடு! கோடு!" என்று பணிப்பாளர் ஓடினார். கிளாக்கர் பின்னால் ஓடினார். சர்மிளா பதறிப்போய்ப் பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினாள்.

பூரணி படியை விட்டு எழும்பவில்லை. உட்கார்ந்தபடியே உள்ளே கையை நீட்டி, மகளின் கையைப் பிடித்து விலக்கினாள்.

"எடு புள்ள கைய," என்றாள். "அழட்டும்."